இருந்ததற்கு அத்தாட்சி

பதுளையில் நீதிமன்றத்துக்குப் போகும் ஏற்றத்தில், ரொட்டி சுடும் ஒரு பாண் கடையின் மேல்மாடியில் எங்கள் லோயர் ஐயாவின் அலுவலகம் இருந்தது. அங்கே மூன்று டைப்ரைட்டர்கள். தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. மூன்றையும் அடிக்க ஒரே ஆள், நான். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து முப்பது வருடமாகியும் எங்கள் ஊர் மழையை மன்னிக்காதவர். நான் பதுளையிலேயே பிறந்து, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் குடும்பத்தில் வளர்ந்தவள். அத்தனை பூசை கண்டும் எனக்கு மூக்குக்கு மேல் வரும் கோபம் போகவில்லை என்பது அம்மாவின் நிரந்தர மனக்குறை.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதை அடித்தாலும் அடியில் ஒரு கார்பன் தாளை வைத்து ஒரு பிரதி எடுத்துவிடுவேன். ஐயாவின் வீட்டுக் கூரைக்குத் தகரம் கேட்டு எழுதிய கடிதத்துக்குக்கூடப் பிரதி இருந்தது. அலுமாரி நிறைந்து, அலுமாரிக்கு மேலேயும் கட்டுக்கட்டாகக் கிடந்தது.

"நீர் சாகேக்கையும் ஒரு கார்பன் வைச்சிட்டுத்தான் சாவீர், பிள்ளை" என்பார் ஐயா.

எங்கள் படிக்கட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாண் கடைக்காரரின் மாவும் எண்ணெயும் எங்கள் ஊர் மழையும் சேர்ந்து அதை ஒரு கண்டமாக ஆக்கி வைத்திருந்தன. பொலிஸ்காரர், பெரிய சட்டத்தரணிகள், ஒருமுறை எங்கள் பங்குத் தந்தை, எல்லாரும் அதில் வழுக்கியவர்கள்தான். மேலே இருந்தபடியே தடதடவென்ற சத்தத்தை வைத்து வந்தவரின் எடையை நான் சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், நல்ல மழை நாளில், அந்தப் படியில் சத்தமே இல்லாமல் ஒரு பெண் ஏறி வந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கைப்பிடியைத் தொடவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து, மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். இவ்வளவு தூரம் ஏன், பண்டாரவளையில் லோயர்மார் இல்லையா என்று கேட்டேன்.

"அங்க எங்க ஆளோட மரக்கறி லொறிங்க வரும் மிஸ். யாராச்சும் பாத்துச் சொல்லிருவாங்க."

"எங்க ஆளு" என்றது அவள் புருஷனை. பெரகல சந்தியில் லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன். அந்த வருடம் மட்டும் கொழும்புச் சந்தையில் வேலை கிடைத்துப் போயிருந்தான். அந்த ஒரு வருட இடைவெளியில்தான் அவளுக்கு பஸ் ஏறத் தைரியம் வந்திருக்கிறது. நெற்றியில் ஒரு தழும்பு, இடது மணிக்கட்டில் சற்றுக் கோணலாக ஒட்டிய எலும்பு. நான் கேட்காமலே அவள் சேலையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

"என்ன செய்யணும் அக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மிஸ். எங்க ஆளோட பாஸ்போட்ல இருந்து என்னைய மட்டும் வெட்டிக் குடுங்க."

எங்கள் கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சுதந்திரம் வந்த கையோடு மலைநாட்டுத் தமிழர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமை போய்விட்டது. பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டன. இந்தியாவின் பங்குக்குப் போனவர்களுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. தோட்டப் பதிவில் பேரை வெட்டினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறத் தயாராக இருக்கச் சொன்னார்கள். அதற்குள் வடக்கே யுத்தம் தொடங்கிக் கப்பல் நின்றுவிட்டது. காத்திருந்தவர்கள் காத்திருந்த லயத்திலேயே, தோட்டத்தின் அந்த வரிசை வீடுகளிலேயே, இருந்துவிட்டார்கள். பாஸ்போட்டும் காலாவதியானது, இங்கே தங்குவதற்கான விசாவும் காலாவதியானது.

அவளும் அப்படி இருந்துவிட்டவள்தான். ஆனால் அவளிடம் காலாவதியான பாஸ்போட்கூட இல்லை. அது புருஷன் பேரில் இருந்தது. அதில் புருஷனும் பெண்சாதியுமாக ஒரே படம். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இவள் பக்கத்தில் நின்றாள். இந்த உலகத்தில் அவள் இருக்கிறாள் என்று சொல்ல அவளுக்கு இருந்த ஒரே கடதாசி அந்தப் பாதிப் படம்.

அவன் அடித்தால் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை பொறுக்க முடியாமல், அடுத்த மலையிலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பொலிஸ் காவலரணுக்குப் போனான். அங்கிருந்த சார்ஜன் நல்ல மனிதர். அது அவளே சொன்னது. அவளைக் கூப்பிட்டனுப்பி, உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, படத்தைக் காட்டி விளக்கியிருக்கிறார்.

"பாஸ்போட்டு அவரு கையில இருக்கு, நீ அவரு பக்கத்துல இருக்கே. அவரோட இருந்தா நீ பெண்சாதி. தனியாப் போனா, விசா இல்லாத வெளிநாட்டுக்காரி. நா ஒன்னைய புடிச்சு உள்ள போடணும். அதுக்கு வீட்டுக்கே போயிரலாம்ல அப்படின்னாரு மிஸ்."

வெளிநாட்டுக்காரி! ஹல்துமுல்லையைத் தாண்டி அவள் பார்த்த தூரதேசம் பதுளை. அதுவும் எங்கள் படியேறிய அன்றைக்குத்தான்.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. புருஷன் ஒவ்வொரு சண்டையிலும் ஒரே வசனத்தைச் சொல்வானாம். "வாயத் தொறந்தே, ஒன்னையக் கப்பல் ஏத்திருவேன்." கப்பல் நின்று பதினான்கு பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கப்பல் போன துறையும் யுத்தத்தில் கிடந்தது. அவனுக்கே கப்பல் ஏற வழியில்லை. இருந்தாலும் லயத்தில் எல்லாருக்கும் அந்தக் கப்பல் மேல் அபார நம்பிக்கை. அவளுக்கும்தான்.

"கப்பல் இல்ல அக்கா. நின்னு போச்சு" என்றேன்.

"அது தெரியும் மிஸ். ஆனா அந்தாளு ஏத்திருவாரு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஐயாவிடம் கூட்டிப் போனேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அது செத்த பாஸ்போட். செத்த பாஸ்போட்டிலை இருந்து ஆரையும் வெட்டி எடுக்கேலாது. வெட்டினாலும் என்ன கிடைக்கும்? அவன் செத்த பாஸ்போட்டோட இருப்பான், இவ அதுவும் இல்லாமல் இருப்பா."

ஆனாலும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. குடிவரவு சம்பந்தமாக எங்கெல்லாம் எழுதலாமோ அங்கெல்லாம் எழுதினோம். இன்ன தோட்டத்தில் வசிக்கும் இன்னாருக்குத் தனிப் பத்திரம் வேண்டும், அவர் கணவரோடு வாழ்வது உயிருக்கு ஆபத்து என்று மூன்று மொழியிலும் அடித்தேன். பதில் வரவில்லை. பிரதி மட்டும் என்னிடம் இருந்தது. அவள் படியிறங்கிப் போனாள். அப்போதும் சத்தமே கேட்கவில்லை.

புருஷன் கொழும்பிலிருந்து திரும்பியதும் பழைய கதை தொடங்கிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை எப்படியாவது வந்து, "ஏதும் பதில் வந்திச்சா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒவ்வொரு முறையும் உடம்பில் எங்கேயாவது ஒன்று புதிதாக இருக்கும். நான் இல்லை என்பேன். அவள் போனபிறகு அன்று பூராவும் யார் மேலாவது எரிந்து விழுவேன். பெரும்பாலும் பாண் கடைக்காரர்தான் அகப்படுவார்.

இரண்டாயிரத்து மூன்றில் புதிய சட்டம் வந்தது. எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் குடியுரிமை. இந்தியப் பாஸ்போட் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தவர்களும் கொடுக்கலாம். முக்கியமான விஷயம், ஆளுக்கு ஒரு படிவம். புருஷனுக்குத் தனி, பெண்சாதிக்குத் தனி. செய்தி வந்த அன்றே அவள் தங்கச்சி வீட்டுக்குத் தந்தி அடித்தேன்.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடமாடும் சேவை வைத்தார்கள். படிவம் நிரப்பிக் கொடுக்க நானும் ஐயாவும் போனோம். மண்டபத்தில் எள் விழ இடமில்லாத கூட்டம். அவள் தனியாக வந்திருந்தாள். அவள் புருஷன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். எல்லாரும் ஆலாய்ப் பறக்கிற நேரத்தில், பாஸ்போட் உள்ள பெரிய மனுஷன் தான் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டானாம். கப்பல் திரும்ப ஓடும்போது எல்லாரும் தன் காலில் விழுவார்கள் என்றானாம்.

அவளுடைய மேசையில் ஒரு சிங்கள உத்தியோகத்தர். வயதானவர், கடமையே கண்ணானவர், அதுதான் கரைச்சல். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். நாங்கள் புதிதாக எடுத்துக் கொடுத்திருந்த அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். தகப்பனின் பழைய தோட்டத் துண்டை, பேர் பதிந்த சீட்டை, பார்த்தார். எல்லாம் சரி என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இவங்க பாஸ்போட்ல சேர்ந்தவங்க. கப்பல் ஓடின காலத்துல போயிட்டுத் திரும்பி வந்தவங்களா இருக்கலாம். போகவே இல்லைங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

"போகாததுக்கு யாருங்க துண்டு குடுப்பாங்க?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்போ இங்கேயே இருந்ததுக்கு அத்தாட்சி காட்டுங்க. வருஷத்துக்கு ஒண்ணு இருந்தா நல்லது."

சட்டம் அப்படிக் கேட்டதா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். அவளுக்கோ தோட்டத்தில் பேர் வெட்டி இருபது வருடமாகிறது. கைக்காசு வேலைதான், கொழுந்து பறித்தால் அன்றன்றைக்குக் கூலி. பதிவு கிடையாது. வாக்காளர் இடாப்பில் பேர் கிடையாது. மின்சாரமே இல்லாத லயத்தில் மின்சார பில்லுக்கு எங்கே போவது?

அவள் பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்து மேசை மேல் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரித் துண்டுகள். மருந்து எழுதின சின்னத் துண்டுகள், வார்ட்டில் இருந்து வந்தபோது கொடுத்த அட்டைகள், எக்ஸ்ரே எடுத்த உறைகள். எல்லாவற்றிலும் திகதி முத்திரை.

"இது போதுமா கேளுங்க மிஸ்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் யாரும் பிரஜையா என்று கேட்டு மருந்து கட்டுவதில்லை. கை முறிந்து வந்தால் கையைக் கட்டுவார்கள், துண்டு எழுதித் திகதி போடுவார்கள். அடுத்த முறை வரும்போது பழைய துண்டைக் கொண்டு வரச் சொல்வார்கள். அடுத்த முறையும் அவள் வருவாள் என்று தெரிந்ததால் பத்திரமாக வைத்திருந்தாள்.

உத்தியோகத்தருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒழுங்கான அத்தாட்சியை அந்த மண்டபத்தில் அவர் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. சீட்டு விளையாடுகிறவர் பிரிக்கிற மாதிரி வருடவாரியாக அடுக்கினார். எண்பத்தைந்து, இருக்கு. எண்பத்தாறு, இரண்டு இருக்கு. எண்பத்தேழு, மூன்று, நல்லது, நல்லது. நான் அவர் தோளுக்கு மேலால் வாசித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். படியில் விழுந்தது. கானில் விழுந்தது, அதாவது தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் வாய்க்காலில். விறகு எடுக்கப் போய் விழுந்தது. விழுந்தது. விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவன்தான் கூடப் போய், டொக்டரிடம் அவனே சொல்லியிருக்கிறான்.

"அம்மாவுக்குக் கால் சரியில்லை போல. ரொம்ப விழுந்திருக்காங்க" என்றார் உத்தியோகத்தர், பகிடியாக.

நான் அதை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். பழக்க தோஷம், சொல்லிவிட்டேன். அவள் முகம் சிவந்தது. அடியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குனிந்தே இருந்தவள், இப்போதுதான் முதன்முதலாக நிமிர்ந்தாள்.

"நா எங்கங்க விழுந்தேன்?" என்று தொடங்கினாள். "நா பத்து வயசில இருந்து..."

நான் அவள் கையைக் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன். துண்டில் இருப்பது பொய் என்று இவள் சொல்லப் போக, எல்லாத் துண்டும் பொய் என்று அந்த மனிதர் தூக்கி வைத்துவிட்டால்? அவர் அப்படிச் செய்யக்கூடியவர். அவள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. பதினெட்டு வருடம் ஒருவன் வாயை மூட வைத்தான், அன்று நானும் மூட வைத்தேன். வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு சிக்கல். ஒரு வருடத்துக்கு மட்டும் துண்டு இல்லை.

"இந்த வருஷம் எங்க இருந்தாங்க?"

"வீட்லதாங்க இருந்தேன். எங்க ஆளு கொழும்புல இருந்தாரு. நா நிம்மதியா இருந்தேன்."

நிம்மதிக்கு அத்தாட்சி இல்லை. உத்தியோகத்தர் உண்மையாகவே கவலைப்பட்டார். "ஒரு சின்னக் காயம்கூட இல்லையா? கொழுந்து பறிக்கும்போது, அட்டை கடிச்சு, ஏதாவது?" என்று ஆதரவாகக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அடி வாங்காத ஒரே வருடத்தில் அவள் இந்த நாட்டில் இல்லாமலே போகவிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவள் முதன்முதலாக எங்கள் படியேறி வந்த வருடம். மூன்று மொழியில் அடித்த விண்ணப்பம், திகதியோடு, கார்பன் பிரதி. அடுத்த வாரம் அலுமாரிக்கு மேலே ஏறி, தும்மித் தும்மித் தேடி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதங்கள் கழித்து அவளுக்குச் சான்றிதழ் வந்தது. பிறகு அடையாள அட்டையும் வந்தது. அதில் அவள் மட்டும் இருந்தாள். அன்றே தங்கச்சியின் தோட்டத்துக்குப் போய்ப் பேர் பதிந்துகொண்டாள். நான் அலுமாரியின் பழைய கட்டுகளுக்குப் புது நூல் வாங்கிக் கட்டினேன். ஐயா நூல் நுனியைப் பிடித்துக் கொடுத்தார்.

கதை இதோடு சுபமாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அவன் விடவில்லை. மாதத்துக்கு இரண்டு முறை தங்கச்சி தோட்டத்துக்குப் போய், லயத்து வாசலில் நின்று கத்துவான். ஒருநாள் கொழுந்து மலையிலேயே புகுந்து தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் அடையாள அட்டையோடு முறைப்பாடு செய்யப் போனாள். இப்போது வெளிநாட்டுக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. அதனால், குடும்ப விஷயம், அடித்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்டார்கள். துண்டுகளைக் காட்டினாள். அதில்தான் விழுந்தது என்று இருக்கிறதே! டின்னைக் கொண்டுவந்து எங்கள் அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் படியில் தடதடவென்று சத்தம். அறுபது கிலோ இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முழங்காலைத் தடவியபடி ஒருவன் வந்து நின்றான். பொலித்தீன் பையில் சுற்றிய பாஸ்போட்டை மேசை மேல் வைத்தான். படத்தில் நாற்காலியில் இருந்த அதே முகம், இருபது வருட வயது கூடியிருந்தது.

அடையாள அட்டை இல்லாதவனை லொறியில் ஏற்ற மாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சோதனைச் சாவடிகளில் கரைச்சலாம். அவனும் விண்ணப்பம் கொடுக்கப் போயிருக்கிறான். அதே உத்தியோகத்தர், அதே கேள்வி. இருந்ததற்கு அத்தாட்சி.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க மிஸ். எனக்கு ஒரு காய்ச்சல் தலவலி வந்ததில்ல. எனக்குன்னு ஆஸ்பத்திரிக்கே போனதில்ல" என்றான். "ஆனா, எங்க பொம்பள துண்டுங்க ஒங்ககிட்ட இருக்காமே. அந்தத் துண்டு ஒவ்வொண்ணுக்கும் நானும் அங்கனதானே இருந்தேன்!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பிளந்தேன். ஐயாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"துண்டு அவவின்ரை. அவவைக் கேளாமல் ஒரு வேலையும் செய்யேலாது. அவனை அடுத்த கிழமை வரச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானே அவளிடம் போனேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினாள்.

"குடுங்க மிஸ்" என்றாள். "ஆனா ஒண்ணு. நா விழுந்தேன்னு எழுதக் கூடாது. அவரு என்னா செஞ்சாரோ அத எழுதணும். எழுதி அவரு கையெழுத்துப் போடணும். ஒங்க வழக்கப்படி எனக்கும் ஒரு கார்பன் வேணும்."

அடுத்த கிழமை அவன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி வந்தான். ஐயா நிபந்தனையைச் சொன்னார். இந்தக் கடதாசி அரசாங்கத்துக்கும் போகும், உன் பெண்சாதிக்கும் ஒரு பிரதி போகும், அதை அவள் எங்கேயும் காட்டலாம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவன் மகிழ்ச்சியாகத் தலையாட்டினான். அவனுக்குத் தெரிந்த ஒரே குற்றம் விசா இல்லாமல் இருப்பது. மற்றதெல்லாம் வீட்டு விஷயம்.

நான் தமிழ் டைப்ரைட்டரில் தாளைச் சுருட்டினேன். துண்டுகளை வருடவாரியாக அடுக்கி ஒவ்வொன்றாக வாசித்தேன். அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். சத்தியக் கடதாசிக்கு என்று ஒரு நடை உண்டு. "மேற்கூறிய திகதியில் நான் இலங்கையில், மேற்கூறிய லயத்தில் இருந்தேன். அன்று மாலை நான் என் மனைவியை விறகுக்கட்டையால் அடித்ததில் அவருடைய இடது மணிக்கட்டு முறிந்தது. ஆகையால் நான் அன்று இங்கேயே வசித்தேன் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

அவனுக்கு அபார ஞாபகசக்தி. எண்பத்தெட்டாம் வருடத்துத் துண்டைக் காட்டினால், அன்று மழை என்றான், மாசிக் கருவாடு சமைத்திருந்தாள் என்றான். ஓரிடத்தில் என்னைத் திருத்தினான்.

"கட்டையால இல்லீங்க மிஸ், அது தொண்ணூத்தொண்ணு. இது மண்வெட்டிப் பிடி. தப்பா எழுதிட்டு அப்பறம் பொய் சொன்னேன்னு ஆயிரக் கூடாது பாருங்க."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, துண்டில்லாத நாட்களும் இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்குப் போகாத அளவுக்கு அடித்த நாட்கள், அவற்றையும் சேர்த்தால் இன்னும் பலமாக இருக்குமா என்று கேட்டான். அந்தத் தீபாவளிக்கு மறுநாள், இந்தத் தேர்த் திருவிழா அன்று என்று விரல் மடக்கினான். நான் எழுத்துகளைக் குத்திய குத்தில் 'ன' என்ற எழுத்து தாளை ஓட்டையாக்கியது. ஐந்து பக்கம் போனது. அந்த டைப்ரைட்டரை அவன் தலையில் போடாமல் இருந்ததுதான் நான் வாழ்க்கையில் காட்டிய ஆகப் பெரிய பொறுமை.

ஐயா ஐந்து பக்கத்தையும் அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

"இதெல்லாம் உண்மைதானே?"

"ஆமாங்க."

"ஆரும் வெருட்டிச் சொல்லேல்லையே?"

"யாருங்க என்னைய வெருட்டுறது?"

"கடைசியாக் கேக்கிறன். யோசிச்சுச் சொல்லும்."

"சத்தியமாங்க. ஒரு நாள்கூட நா இந்த நாட்ட விட்டுப் போகல."

கையெழுத்துப் போட்டான். ஐயா முத்திரை குத்தினார். குத்திய வேகத்தில் முத்திரை சாய்ந்து விழுந்தது. அந்தக் கடதாசியைப் பார்த்து அந்த உத்தியோகத்தர் என்ன நினைத்தாரோ தெரியாது. கொழும்பில் இருந்த வருடத்துக்குச் சந்தையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தான்; மற்றபடி வருடத்துக்கு ஒன்று இருந்தது, ஏற்றுக்கொண்டார். அவன் இந்த நாட்டுப் பிரஜையானான்.

வீட்டு வன்முறைக்கு எதிரான சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெண் நேராக நீதவானிடம் போய்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று ஐயா பேப்பரில் வாசித்துவிட்டு, எழும்பி நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தக் கார்பன் எங்கை?"

எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. மேசை லாச்சியிலேயே இருந்தது.

அவளை வரச் சொல்லி அவளுடைய விண்ணப்பத்தை அடித்தேன். ஆறு பந்தி. அடித்து முடித்து, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா அக்கா என்று கேட்டேன். அவள் ஒன்று சொன்னாள். ஐயா வாசித்துவிட்டு, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம், வெட்டும் என்றார். நான் வெட்டவில்லை. ஐயா, இந்த ஒரு பந்தி இருக்கட்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்து வைத்தார்.

நீதிமன்றத்தில் அன்று கூட்டம் குறைவு. நீதவான் ஒரு பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் அவனுடைய ஐந்து பக்கத்தையும் சிங்களத்தில் வாசிக்க வாசிக்க, ஓரத்தில் நின்ற பொலிஸ்காரர்கள்கூட நிலத்தைப் பார்த்தார்கள். இது உன் கையெழுத்தா என்று நீதவான் அவனைக் கேட்டார். ஆமாங்க, அதை வைத்துத்தான் எனக்குப் பிரஜாவுரிமையே கிடைத்தது என்று அவன் பெருமையாகச் சொன்னான். அவள் இருக்கும் லயத்துக்கோ வேலை செய்யும் மலைக்கோ அவன் கிட்டவும் போகக் கூடாது, போனால் உள்ளே என்று கட்டளை எழுதப்பட்டது. அப்போதும் அவனுக்கு விளங்கவில்லை. "என்னங்க இது, அரசாங்கமே ஏத்துக்கிட்ட கடதாசிங்க!" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கெஞ்சினான்.

பேனாவை மூடப்போன நீதவான், தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏழாம் பந்தி எதுக்கு? கொழுந்து மலையில் இதுவரை ஒரு தடவையும் விழுந்ததில்லை என்று இருக்கே. இது என்ன?"

மொழிபெயர்ப்பாளர் அவளிடம் கேட்டார். ஐயா என்னைத் திரும்பி முறைத்தார். அவள் கூண்டில் நிமிர்ந்து நின்றாள்.

"அந்தத் துண்டுங்க எல்லாத்துலயும் நா விழுந்தேன்னு இருக்குங்க. நா பத்து வயசில இருந்து கூடையோட மலையேறுறவ. மழையில, அட்டைக்குள்ள, செருப்பில்லாம. எங்க தோட்டத்துல யாரு வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நா ஒரு தடவகூட விழுந்ததில்லீங்க."

அவள் முடிக்கும்வரை நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். இந்த முறை கிள்ளவில்லை.